இறகு முளைத்த பின் – புதிய விமானிக்கு முதல் வேலை

முன்னுரை

“வருங்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள்?” என்று ஆசிரியை கேட்டபோது, எங்கள் வகுப்பில் நால்வர் “விமானி” என்று எழுதினோம். பெற்றோர் தினத்தன்று அதைக் கேள்வியுற்ற ஒரு தோழியின் தந்தையார் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. “உரிமம் வாங்கிய மறுநாளே வேலை கிடைத்துவிடுமா, அம்மா? வீட்டை அடகு வைத்துப் படிக்க வைத்தால் கடனை யார் அடைப்பது?” என்று மட்டும் கேட்டார். எங்களால் விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடித் தொகுத்ததே இக்கட்டுரை.

உரிமம் எனும் முதற்படி

நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். வான்வழி செலுத்துதல், வானிலை இயல், விமானப் போக்குவரத்து விதிகள், தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் தேர்வு எழுத வேண்டும். வானொலியில் பேசுவதற்கும் தனிச் சான்று உண்டு. இவற்றோடு 200 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும்.

இந்த 200 மணி எவ்வளவு? நாளொன்றுக்கு 5 மணி, வாரத்துக்கு 5 நாள் எனக் கொண்டால், நாம் எட்டு வாரம் வகுப்பில் அமரும் நேரமே அது! அதுவும் பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானத்தில் பறந்த நேரம். ஏறத்தாழ 180 பேரைச் சுமந்து செல்லும் ஏர்பஸ் 320 விமானத்தில் அப்படியே சென்று அமர்ந்துவிட முடியாது. ஒவ்வொரு பெரிய விமான வகைக்கும் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் தேவை. இதனை ‘டைப் ரேட்டிங்’ என்பர். உரிமப் பயிற்சிக்கே பல இலட்சம் ரூபாய் செலவாகிறது. இதற்கு மேலும் பல இலட்சம். இச்செலவைப் பல வேளைகளில் விமானியே ஏற்க வேண்டியுள்ளது. உரிமம் பெற்றவரும் வேலை பெற்றவரும் ஒருவரல்லர் என்பது இங்கேதான் விளங்குகிறது.

காலத்தின் ஏற்ற இறக்கம்

விமானத் தொழில் கடல் அலை போன்றது. 2012இல் கிங்ஃபிஷர் நிறுவனமும், 2019இல் ஜெட் ஏர்வேஸ் நிறுவனமும், 2023இல் கோ ஃபர்ஸ்ட் நிறுவனமும் பறப்பதை நிறுத்தின. 2020இல் கொரோனா நோய் உலகெங்கும் விமானங்களைத் தரையில் நிறுத்தியது. இத்தகைய வேளைகளில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடி வரிசையில் நிற்பர். 200 மணிக்காரர் அவ்வரிசையின் கடைசியில்தான் நிற்க இயலும்.

அதே 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களும், இண்டிகோ 500 விமானங்களும் வாங்க ஒப்பந்தம் செய்தன. ஆனால் பயிற்சி முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். நல்ல காலத்தில் சேர்ந்தவர் மெலிந்த காலத்தில் வெளிவருவதும், மெலிந்த காலத்தில் சேர்ந்தவர் நல்ல காலத்தில் வெளிவருவதும் உண்டு. சேரும் நாளின் செய்தித்தாளை மட்டும் பார்த்து முடிவு செய்வது தகாது.

முதல் வேலைக்கு வழிகள்

ஒன்று, விமான நிறுவனங்களே பயிற்சிக்கு முன்பாக மாணவரைத் தேர்ந்தெடுக்கும் ‘கேடட்’ திட்டம். இதில் செலவு மிகுதி. எனினும் பயிற்சிக்குப் பின் செல்லும் பாதை ஓரளவு தெளிவாக இருக்கும். சேருமுன் ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்க வேண்டும்.

இரண்டு, பயிற்றுநர் பணி. உரிமம் பெற்றவர் மேற்பயிற்சி பெற்று உதவிப் பயிற்றுநராகலாம். பிறருக்குக் கற்பிக்கும்போது தம் பதிவேட்டிலும் மணிகள் ஏறும். சிறு துளி பெரு வெள்ளம் அன்றோ! தலைமை விமானிக்குரிய உயர் உரிமத்துக்கு 1,500 மணி தேவை.

மூன்று, நில அளவை, வாடகை விமானம் போன்ற சிறு பணிகள். அமெரிக்காவில் 2013 முதல் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகவே பொதுவாக 1,500 மணி வேண்டும். ஆகவே அங்குள்ள புதியவர்கள் கற்பித்தும், விளம்பரத் துணியை வானில் இழுத்தும், பாராசூட்டில் குதிப்போரை ஏற்றிச் சென்றும் மணிகளைச் சேர்க்கின்றனர். எந்தப் பறப்பும் இழிவன்று.

காத்திருக்கும் நாளில் சோம்பியிருத்தலாகாது. மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும்; கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதி காலாவதியாகாமல் காக்க வேண்டும்; பாடங்களை மறவாதிருக்க வேண்டும். அழைப்பு வந்தால் எழுத்துத் தேர்வும், பாவனை விமானத்தில் சோதனையும், நேர்முகமும் அடுத்தடுத்து வரும்.

முன் சென்ற பெண்மணிகள்

இந்தியாவின் முதல் பெண் வணிக விமானியான பிரேம் மாத்தூர் எட்டு நிறுவனங்களால் மறுக்கப்பட்டவர். ஒன்பதாவதாக ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைத் துணை விமானியாக ஏற்றது. அவரே 1949இல் தேசிய விமானப் பந்தயத்தில் வென்றார்.

துர்பா பானர்ஜி விமானி வேலை கேட்டுச் சென்றபோது அமைச்சர் அவருக்குப் பணிப்பெண் வேலை தர முன்வந்தாராம், அவர் மறுத்துவிட்டார். 1959இல் வான்வழி நில அளவை நிறுவனமொன்றில் டகோட்டா விமானம் ஓட்டினார். 1966இல் இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் பெண் விமானியானார். சிறு பணியே அவருக்குப் பெரும்படியாயிற்று. 2022இல் நம் நாட்டு விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள் என அரசு தெரிவித்தது. உலக அளவில் இது ஏறத்தாழ 5 விழுக்காடே.

முடிவுரை

அந்தத் தந்தையாருக்கு இப்போது விடை கூறுகிறோம். ஐயா, மறுநாளே வேலை கிடைத்துவிடும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆகவே கட்டணம் செலுத்துமுன் மருத்துவச் சோதனையை முடித்துவிட வேண்டும். கண்ணோ காதோ தடையென்றால் பணமாவது மிஞ்சும். பயிற்சிச் செலவோடு டைப் ரேட்டிங் செலவையும், ஓரிரு ஆண்டுக் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். துணைக்கு ஒரு பட்டமும் கையில் இருத்தல் நன்று. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள். அறிந்த பின்னும் கரையிலேயே நிற்கச் சொன்னவர் எவருமில்லை.

நாசரேத்தின் திருவீட்டை வானதூதர்கள் சுமந்து வந்தனர் என்ற மரபையொட்டி, லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1920இல் அறிவித்தார். அவ்வன்னையின் துணையோடு, கணக்கும் பொறுமையும் கைக்கொண்டு, எங்கள் நால்வரில் ஒருவரேனும் ஒருநாள் இப்பள்ளியின் மேலே பறப்போம் என நம்புகிறோம். அன்று சகோதரியரும் தங்கையரும் முற்றத்தில் நின்று கையசைக்க மறவாதீர்கள்!

– பத்தாம் வகுப்பு மாணவி