தாளிலிருந்து திரைக்கு: ஒகேனக்கல்லை வைத்து ஓர் ஆட்டப் பாடம்

தாயமும் பரமபதமும் நாம் அறிந்த ஆட்டங்கள். அவற்றில் நாம் காயை மட்டுமே நகர்த்துகிறோம். பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்திலோ ஆடுபவரே ஒரு கதைமாந்தராகிறார். தாம் செய்யப்போவதை வாயால் சொல்கிறார். ஐயம் எழுமிடத்தில் பகடை முடிவு சொல்கிறது. ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துகிறார். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் புகழ்பெற்றது.

இன்று வெவ்வேறு ஊர்களில் இருப்போரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்ததுபோல், ரோல்20, ஃபவுண்டரி முதலிய மென்பொருள்களின் துணையால் கணிப்பொறித் திரையில் இதனை ஆடுகின்றனர். பிறர் எழுதித் தாளில் அச்சிட்ட கதையை அத்திரைக்கு ஏற்ப மாற்றுவது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

1. உரிமை அறிதல்

விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000-இல் அளித்த திறந்த உரிமத்தால், பிறரும் இவ்வாட்டத்திற்குக் கதைகள் எழுதி வெளியிட வழி பிறந்தது. அவ்வுரிமத்தை மாற்ற முயன்றபோது ஆடுவோர் கடுமையாக எதிர்த்தனர். அதன்பின் 2023 சனவரியில், மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்ற முறையில் அடிப்படை விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. எனினும் விதி பொதுவானதால் கதையும் பொதுவாகிவிடாது. கதையின் சொல்லும் படமும் அதை ஆக்கியவருக்கே உரியவை. தோழியருடன் ஆடுவது வேறு. மாற்றிய படியைப் பலருக்கும் வழங்குவது வேறு. பின்னதற்கு அவருடைய இசைவோ, இடங்கொடுக்கும் உரிமமோ வேண்டும்.

2. களம் அமைத்தல்

ஆற்றைக் கடந்து அக்கரைக் குகையை அடையும் கதை ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். அதன் களத்தைத் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லாக மாற்றுவோம். முதலில் வரைபடம். ஒரு சதுரம் 5 அடி என்பது அவ்வாட்டத்தின் வழக்கமான அளவு. படத்தின் சதுரமும் மென்பொருளின் சதுரமும் பொருந்தாவிடில், பாறைமேல் நிற்கவேண்டிய காய் நீரில் நிற்கும்.

அடுத்தது தடை. திரையில் தெரியும் பாறை நமக்குப் பாறை. கணிப்பொறிக்கோ வெறும் நிறம். ஆகவே படத்தின்மேல் தடைக்கோடுகளை நாமே வரையவேண்டும். எல்லாத் தடையும் ஒன்றன்று என்பதை ஒகேனக்கல் தெளிவாகக் காட்டுகிறது. காவிரியின் இருமருங்கும் நிற்கும் பாறைச்சுவர் நடையையும் மறைக்கும், பார்வையையும் மறைக்கும். ஆழ்ந்த நீர் நடையைத் தடுக்கும்; ஆயினும் அக்கரை தெரியும். அருவியின் நீர்ப்புகை பார்வையை மறைக்கும். ஆயினும் பரிசல் அதனூடே செல்லும். 'புகையும் கல்' என்பதுதானே கன்னடத்தில் இவ்வூர்ப் பெயரின் பொருள்! ஃபவுண்டரியில் இம்மூவகைத் தடைகளையும் தனித்தனியே அமைக்கலாம். மூன்றையும் ஒரே சுவராக வரைந்துவிட்டால், ஆடுபவருக்கு அருவியும் தெரியாது, அக்கரையும் தெரியாது.

3. எண்ணும் தீர்ப்பும்

20 முகப் பகடையை உருட்டி, ஆடுபவரின் திறனைக் கூட்டி, 15 வந்தால் பரிசல் கரைசேரும் என்று தாளில் இருந்தால், அதனை அப்படியே மென்பொருளில் பதியலாம். கணக்கைக் கணிப்பொறி பிழையின்றிச் செய்யும். வெள்ளம் மிகுந்தால் நடுவரே முடிவு செய்க என்றிருந்தால் என்ன செய்வது? அதற்கும் ஓர் எண்ணைப் பொருத்திவிடத் தோன்றும். அது தவறு. காவிரியின் நீர்வரத்து பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. அது மிகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் செல்லத் தடை விதிக்கிறது. எவ்வளவு தேர்ந்த பரிசல்காரரும் அன்று துடுப்பெடுப்பதில்லை. கதையிலும் அந்நாளில் பகடைக்கு வேலையில்லை. ஆடுவோர் கூடிப் பேசி வேறு வழி தேடவேண்டும். அப்பேச்சே இவ்வாட்டத்தின் உயிர்.

4. சோதித்தல்

நடுவர் மட்டுமே அறியவேண்டிய குறிப்புகளை ஆடுவோர் காணாதபடி தனியே வைத்தல் வேண்டும். பின்னர் ஆடுபவராக நுழைந்து ஒருமுறை பார்த்தல் வேண்டும். குகையின் மறைபொருள் கரையிலிருந்தே தெரிந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துபோகும்.

மாணவியரே, தாளில் உள்ளதை அப்படியே திரையில் ஏற்றுவது படியெடுத்தல் ஆகும். ஒவ்வொன்றும் ஆட்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று ஆராய்ந்து அமைப்பதே மாற்றியமைத்தல். எதை எந்திரத்திடம் விடுவது, எதை நம்மிடம் வைத்துக்கொள்வது என்று பகுத்தறியப் பழகுவோம். ஆட்டத்தில் பெறும் இப்பயிற்சி மற்றப் பணிகளிலும் நமக்குக் கைகொடுக்கும்.