பச்சைத் தண்ணீரில் காப்பி: பக்குவம் களத்திலேயே தொடங்குகிறது

கல்வராயன் மலையில் சாமைக் காட்டின் ஓரத்திலும் பலா மர நிழலிலும் ஐம்பது, நூறு என்று காப்பிச் செடி வைத்திருக்கும் சிறு விவசாயிகள் உண்டு. பழத்தைப் பறித்து, அரைகுறையாகக் காயவைத்து, வரும் வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வேண்டிய தூளைக் கீழே இறங்கும்போது கள்ளக்குறிச்சிக் கடையில் வாங்கி வருகிறார்கள். தம் செடியில் விளைந்த காப்பியை ஒரு நாளும் ருசி பார்க்காதவர்களே இவர்களில் அதிகம். சரக்கின் குணம் தெரியாதவர் எந்த விலையைக் கேட்டு நிற்க முடியும்?

ருசி பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அடுப்பும் வேண்டாம், பாலும் வேண்டாம். காப்பித்தூளைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் வடிகட்டினால் போதும். பட்டணத்துக் கடைகளில் 'கோல்ட் புரூ' என்ற பெயரில் ஒரு தம்ளர் நூறு ரூபாய்க்கு மேல் விற்பது இதுதான். ஜப்பானில் இதை 'டச்சுக் காப்பி' என்பார்கள். அமெரிக்காவில் டாட் சிம்ப்சன் என்ற ரசாயனப் பொறியாளர் 1964-ல் வீட்டில் ஊறவைப்பதற்கென்றே ஒரு கருவியை அமைத்தார். நமக்குக் கருவி எதுவும் தேவையில்லை. மூடியுள்ள ஒரு எவர்சில்வர் தூக்கும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தால் சரி.

வெந்நீர் காப்பித்தூளிலுள்ள சத்துக்களைச் சில நிமிடங்களில் இழுத்துவிடும். புளிப்பும் கசப்பும் அதோடு சேர்ந்து வரும். குளிர்ந்த நீர் மெதுவாக இழுக்கிறது. ஆகவே புளிப்பும் கசப்பும் குறைந்து, ஒரு மென்மையான இனிப்பு நாக்கில் நிற்கிறது. சர்க்கரை போடாமலே குடிக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இங்கே நெருப்பு இல்லை. டிகாஷனில் கொதிநீர் கிருமியைக் கொன்றுவிடும். பாலும் வெல்லமும் வாடையை மறைத்துவிடும். பச்சைத் தண்ணீர்க் காப்பியில் இந்த இரண்டு உதவியும் கிடையாது. பழம் பறித்த நாள் முதல் செய்த தவறெல்லாம் தம்ளருக்கு வந்து சேரும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

பழம் நன்றாகச் சிவந்த பிறகே பறிக்க வேண்டும். பச்சைக்காயும் பழமும் சேர்த்து ஒரே உருவாக உருவினால் வேலை சீக்கிரம் முடியும், காப்பி கெட்டுவிடும். பறித்த பழத்தை ஒரு அண்டாத் தண்ணீரில் கொட்டிக் கிளறினால், பொக்கும் வண்டு துளைத்ததும் மேலே மிதக்கும். அவற்றை அரித்துத் தனியே எடுத்துவிடுங்கள். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டி ஓர் இரவு வைத்திருப்பது பெரும் தவறு. உள்ளே சூடேறிப் புளித்துவிடும். அன்றே களத்தில் பரப்பிவிட வேண்டும்.

நம் பகுதியில் உள்ள சங்கடம் மழைதான். அராபிகா பழுக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தூறலும் மலைப் பனியும் சேர்ந்தே வருகின்றன. பகலில் காய்ந்த பழம் இரவில் மறுபடி நனைகிறது. இப்படிக் காய்ந்தும் நனைந்தும் மாறி மாறி வரும்போதுதான் பூசணம் பிடிக்கும். சில வகைப் பூசணங்கள் 'ஆக்ரடாக்சின்' என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. அது சிறுநீரகத்துக்குக் கெடுதல். வறுக்கும்போது ஓரளவு குறையுமே தவிர அடியோடு போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. பூசணம் கண்ட கொட்டையை எந்தப் பக்குவத்தாலும் மீட்க முடியாது. கழித்துவிடுவதே வழி.

எனவே வெறும் மண் தரையில் காயப்போடாதீர்கள். சிமெண்டுக் களம் இல்லாவிட்டால் சுத்தமான தார்ப்பாய் போதும். மூங்கில் பரண் கட்டி அதன்மேல் வலை விரித்தால் அடியிலும் காற்று புகும். அது இன்னும் நல்லது. பழத்தை மூன்று அங்குலக் கனத்துக்கு மேல் பரப்பாமல், மணிக்கு ஒரு தரம் கிளறிவிட வேண்டும். பொழுது சாயும் முன் குவித்து மூடி, காலையில் பனி விலகிய பின் மறுபடி பரப்ப வேண்டும். நல்ல வெயிலில் பன்னிரண்டு முதல் பதினைந்து நாளில் காய்ந்துவிடும். ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கினால் கொட்டை உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். ஈரம் அராபிகாவில் 10.5 சதவீதத்துக்கும் ரொபஸ்டாவில் 11 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. ஈரமானி இல்லாதவர்கள் ஒரு பருப்பைக் கடித்துப் பார்க்கலாம். பல் பதிந்தால் இன்னும் வெயில் வேண்டும் என்று பொருள்.

உரம், பூச்சிமருந்து வந்த சாக்கில் காப்பியைக் கட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியாகிவிட்டது. இன்னும் சில வீடுகளில் பார்க்கிறேன்.

இரண்டு தம்ளர்

சில ஆண்டுகளுக்கு முன் மலைக் கிராமம் ஒன்றில் இரண்டு தூக்குகளில் ஊறவைத்துக் காட்டினோம். இரண்டும் ஒரே சரிவில் ஒரே ஆண்டு விளைந்த காப்பிதான். ஒன்று தார்ப்பாயில் காய்ந்தது. மற்றொன்று வாசல் மண்ணில் காய்ந்து இருமுறை மழையில் நனைந்தது. வறுத்தது ஒரே வாணலியில். முதல் தம்ளரைக் குடித்தவர்கள் பேசாமல் இன்னொரு வாய் குடித்தார்கள். இரண்டாவதை மோந்து பார்த்த ஒரு பாட்டி, "சார், இதுல மழையில நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். ஈரமானியைவிட அந்த மூக்கு விரைவாக வேலை செய்தது. தரம் நிர்ணயிக்கும் நிபுணர்கள் வெந்நீர் ஊற்றித்தான் சுவைப்பார்கள் என்பது உண்மையே. ஆனால் வீட்டில் இரண்டு சரக்கை ஒப்பிட்டுப் பார்க்க இந்த முறை போதும். கழித்த சரக்கைக் கலக்காமல், நல்ல சரக்கைத் தனியே கட்டி, தனி விலை கேட்க இது தைரியம் தரும்.

வறுத்தல், அரைத்தல்

காய்ந்த பழத்தை உரலில் மெதுவாகக் குத்தி, முறத்தில் புடைத்தால் பருப்பு தனியாகும். சுமார் ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பருப்பு கிடைக்கும். வறுக்கும்போது ஆறில் ஒரு பங்கு எடை குறையும். கறுத்ததும் உடைந்ததும் துளை விழுந்ததும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கப்பட வேண்டும்.

கனமான இரும்பு வாணலியில், நடுத்தரத் தீயில், கை விடாமல் கிளறி வறுக்கவும். சிறிது நேரத்தில் பொரி பொரிவது போல் 'பட், பட்' என்று வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்கி, நிறம் மரப்பட்டைபோல் ஆனதும் இறக்கி, முறத்தில் கொட்டி விசிறி ஆற்ற வேண்டும். கருக வறுத்தால் எந்தக் காப்பியும் கரியின் ருசிதான் தரும். வறுத்த கொட்டையிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டிருப்பதால் ஒரு நாள் பொறுத்து அரைப்பது நல்லது.

அரைக்கும் பதம் ரவையைப்போல் இருக்கட்டும். பில்டர் காப்பிக்கு அரைக்கும் மாவுப் பதம் துணியை அடைத்துக்கொள்ளும். வண்டலும் கசப்பும் வரும். கடைத்தூள் வாங்கிச் செய்பவர்கள் சிக்கரி கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மீதியெல்லாம் சிக்கரியாக இருக்கலாம். தண்ணீர் கறுப்பாக இறங்குவதைப் பார்த்து நல்ல காப்பி என்று எண்ணிவிட வேண்டாம். சிக்கரியும் அதே நிறம் தரும்.

ஊறவைக்கும் முறை

தண்ணீர் முதலில் கொதித்திருக்க வேண்டும். ஓடைத் தண்ணீரானாலும் குழாய்த் தண்ணீரானாலும் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியபடியே ஆறவைத்துக்கொள்ளவும். தூக்கையும் கரண்டியையும் துணியையும் கொதிநீரில் அலசிக்கொள்ள வேண்டும். 50 கிராம் தூளுக்கு அரை லிட்டர் ஆறிய தண்ணீர் அளவு. தூள் முழுதும் நனையும்படி கிளறி மூடிவிடவும். குளிர்பெட்டியில் வைத்தால் 18 மணி நேரம் ஊறட்டும். பிறகு துணியை நான்காக மடித்து வடிகட்டவும். துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம், கசப்பு இறங்கும். தூள் தன் எடையைப்போல் இரு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்வதால், சுமார் 400 மில்லி கையில் கிடைக்கும். குளிர்பெட்டியில் மூடிவைத்து மூன்று நாளுக்குள் குடித்துவிட வேண்டும்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது? மார்கழி, தை மாத மலைக் குளிரில் இரவு எட்டு மணிக்கு ஊறவைத்துக் காலை ஆறு மணிக்கு வடிகட்டி, அப்போதே குடித்துவிடலாம். தூக்கை ஈர மணலில் புதைத்து, ஈரச் சாக்குச் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் சித்திரை, வைகாசியில் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கம் அறை வெப்பத்தில் இதைச் செய்யாதீர்கள். ஒரு கோடையில் பயிற்சி வகுப்புக்காக நானே பதினாறு மணி நேரம் அறையில் வைத்துவிட்டு, மூடியைத் திறந்தபோது புளித்த வாடை வந்து, அத்தனையையும் கொட்ட நேர்ந்தது. சந்தேகம் வந்தால் கொட்டிவிடுவதே நல்லது.

இதில் வீரியம் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். மேற்சொன்ன அளவில் அராபிகாவாக இருந்தால் 100 மில்லியில் சுமார் 100 மில்லிகிராம் காபீன் இருக்கும். ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரு மடங்கு. வயதுவந்தோருக்கு நாளுக்கு 400 மில்லிகிராமும் கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமும் மேல்வரம்பு எனச் சொல்லப்படுகிறது. ஆகவே சரிபாதி ஆறிய வெந்நீரோ, காய்ச்சி ஆறிய பாலோ சேர்த்துக் குடிப்பது நலம். குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

விற்க நினைப்பவர்களுக்கு

1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டப்படி விளைந்த காப்பியை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு 1990-களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் முற்றிலும் நீங்கியது. இன்று விவசாயி தம் காப்பியைத் தாமே வறுத்து அரைத்து, உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று விற்கலாம். தூளாக விற்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஊறவைத்த காப்பியைப் பாட்டிலில் அடைத்துச் சுற்றுலா வருவோருக்கு விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. இதில் புளிப்பு குறைவு. காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைத்தால், 'பொட்டுலிசம்' என்ற கொடிய நோயைத் தரும் கிருமி வளர இடமுண்டு. 2017-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்று இந்த அச்சத்தாலேயே, எவருக்கும் நோய் காணும் முன்பே, தன் குளிர்காப்பி டப்பாக்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஆலை வசதி உள்ளவர்களுக்கே அந்த நிலை.

செடி நேர்த்தி, பதப்படுத்துதல் பற்றிய ஐயங்களுக்கு ஏற்காட்டிலுள்ள காப்பி வாரிய அலுவலகத்தையோ, திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியிலுள்ள காப்பி ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். வடிகட்டிய சக்கையை எறிந்துவிட வேண்டாம். சாணத்தோடு கலந்து எருக்குழியில் போட்டு மக்கவிடுங்கள். பச்சையாகவே நாற்றின் தூரில் கொட்டினால் கட்டிபிடித்துத் தண்ணீர் இறங்காது.