அவித்த நெல்லின் அறிவியல்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, களத்தில் காயவைத்து, அதன் பின்னரே அரைக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு கிடைப்பது புழுங்கல் அரிசி. காவிரிப் படுகையின் அன்றாடச் சோறு அதுவே. பச்சரிசி பொங்கலுக்கும் பலகாரத்திற்கும் உரியது. அவித்த நெல் அரைவையில் எளிதில் நொறுங்காது என்பதை ஆலைக்காரர் நன்கறிவர். உடலுக்கு அதனால் விளையும் நன்மையோ ஒரு நோயை ஆராய்ந்தபோதுதான் தெளிவாயிற்று.

அந்நோய் பெரிபெரி. கால் மரத்து, தசை தளர்ந்து, உடல் வீங்கி, முற்றினால் இதயமே செயலிழக்கும். அன்றைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் பகுதியில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், இந்நோய் காணப்பட்டது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாகவே இருந்தது. பெரிபெரியை ஆராய்வதற்கென 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் பணியைத் தொடங்கினார். அவ்வாய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்திற்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. தவிட்டில் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 குறைவதே நோய்க்குக் காரணம்.

ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவே வேண்டிய ஒரு பொருள் இல்லாமற்போனால் இதயம் தளர்வது ஏன்? பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பயில்வோர் வளர்சிதை மாற்றம் என்னும் பகுதியில் இதற்கு விடை காண்பர். சோற்றின் மாவுச்சத்து குடலில் குளுக்கோசாகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உயிரணுவுக்குள் பத்துப் படிகளில் சிதைந்து இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாகிறது. இதுவரை கிடைக்கும் ஆற்றல் சிறிதே. பெரும்பகுதி கிடைக்க வேண்டுமானால், பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று, அசிட்டைல் துணைநொதி-ஏ ஆக மாறி, சிட்ரிக் அமிலச் சுழற்சியில் நுழைய வேண்டும். அந்த மாற்றத்தை நிகழ்த்தும் நொதி, தயமினிலிருந்து உண்டாகும் துணைநொதி இன்றி இயங்காது. மடை அடைபட்ட வாய்க்காலில் நீர் தேங்குவதுபோல் பைருவேட் தேங்குகிறது. குளுக்கோசையே பெரிதும் நம்பியுள்ள மூளையும், ஓயாது துடிக்கும் இதயமும் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. 1930களில் ஆக்சுபோர்டில் ருடால்ப் பீட்டர்ஸ், தயமின் குன்றிய புறாக்களின் மூளைத் திசுவில் இக்குறையைக் கண்டார்; சோதனைக் குழாயில் தயமினைச் சேர்த்ததும் அத்திசு மீண்டும் நன்கு ஆக்சிஜனை ஏற்றது. மாவுச்சத்தை மிகுதியாக உண்பவருக்குத் தயமினும் மிகுதியாக வேண்டும். வயிறு நிறையச் சோறுண்டவரின் உயிரணுக்கள் பட்டினி கிடந்த விந்தை இதுதான்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தன்மையுடைய தயமின் தவிட்டிலிருந்து உள்ளிருக்கும் வெண்பகுதிக்குள் ஊடுருவுகிறது. பின்னர்த் தவிட்டை நீக்கினாலும் அதில் ஒரு பங்கு அரிசியிலேயே தங்கிவிடும். ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.06 மில்லிகிராமும், புழுங்கலில் 0.21 மில்லிகிராமும் தயமின் உண்டு. பருப்பும் பயறும் சேர்ந்த உணவில் இவ்வேறுபாடு பெரிதன்று. சோறு மட்டுமே உணவாகும் ஏழை வீட்டிலோ உயிர் காக்கும் வேறுபாடு அது.

அரிசியைப் பலமுறை களைவதாலும் கஞ்சியை வடித்துவிடுவதாலும் தயமின் மேலும் குறைகிறது. களைந்த நீரைக் கழுநீர்ப்பானையில் ஊற்றி மாட்டுக்கு வைப்பது உழவர் வீட்டு வழக்கம். மாட்டுக்கோ அந்தத் தயமின் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளே தயமினை உண்டாக்கித் தந்துவிடுகின்றன.