பட்டாம்பூச்சி பார்க்கப் போகிறீர்களா?

மழை விட்ட மறுநாள், காலை எட்டு மணிக்கு மேல் ஊர்ப்புறத்துப் புல்வெளிக்குப் போங்கள். வெயிலில் உடம்பு சூடேறினால்தான் பட்டாம்பூச்சி பறக்கும். அதுவரை சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். நம் நிழல் விழுந்தாலே எழுந்துவிடும். சூரியனைப் பார்த்தபடி மெல்ல நெருங்குங்கள்.

பூவை மட்டும் தேடாதீர்கள். ஓர் எருக்கஞ்செடி போதும், நேரம் போவதே தெரியாது: இலையடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் வரிவரியான புழு, தண்டில் மஞ்சள் அசுவினிக் கூட்டம், அதைத் தின்னும் பொறிவண்டு, பூவைச் சுற்றி ரீங்கரிக்கும் கருவண்டு. ஈரமண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உப்புச்சத்தை உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண் பட்டாம்பூச்சிகள்.

புல்லில் பாம்பு இருக்கலாம். ஷூ அணியுங்கள்; உயர்ந்த புல்லில் கம்பால் தட்டியபடி நடங்கள்.

சிறகைத் தொடவே வேண்டாம். விரலில் ஒட்டும் பொடி அதன் செதில்கள். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது.