பக்கவாதமும் நம் பாட்டிமாரும்

காபி குடித்துக்கொண்டிருந்த பாட்டியின் வாய் திடீரென ஒரு பக்கம் கோணுகிறது. வலக்கை துவண்டு விழுகிறது. பேச்சு குழறுகிறது. "வயதாகிவிட்டது, சற்றுப் படுக்கட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். இச்சொல் எவ்வளவு தவறானது என்பதை நாம் அறிந்துகொள்வோம்.

உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, நாம் பெறும் பிராண வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதற்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன் படமே காட்டும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன எனக் கணக்கிட்டுள்ளனர். முதியோரின் இதயம் சில வேளை தாளம் தப்பித் துடிக்கும். அப்போது அதன் மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, கட்டியாகி, மூளைக்குச் சென்று குழாயை அடைத்துவிடும்.

உறைகட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தின் பயன் 1995-இல் நிறுவப்பட்டது. அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். ஆனால் பெரிய கட்டிகள் பல அம்மருந்துக்குக் கரைவதில்லை. அவற்றை மருத்துவர்கள் குழாய் வழியாகவே சென்று எடுக்கின்றனர். தொடையிடுக்கிலுள்ள தமனியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தவாறே கழுத்தைக் கடந்து மூளை வரை கொண்டு செல்கின்றனர். அங்கே நுண்ணிய கம்பி வலை ஒன்று விரிந்து கட்டியைப் பற்றிக்கொள்கிறது. பிறகு வலையோடு கட்டியையும் வெளியே இழுத்துவிடுகின்றனர். சில வேளை உறிஞ்சியும் எடுப்பதுண்டு. மண்டையோட்டைத் திறக்கத் தேவையில்லை.

முதியோருக்கு இது பயன்படுமா? நெதர்லாந்து நாட்டில் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. அதில் வயதுக்கு மேல்வரம்பே வைக்கப்படவில்லை. மறு ஆண்டில் இதையும் சேர்த்து ஐந்து ஆய்வுகளை ஒன்றாக ஆராய்ந்தனர். 80 வயதைக் கடந்தவர்களுள், இச்சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் மூன்று மாதங்களுக்குப் பின் தம் காரியங்களைத் தாமே செய்துகொண்டனர். பெறாதவரில் 14 பேருக்கே அது இயன்றது.

முதியோர் எல்லோரும் பிழைத்தெழுவர் என்று நாம் எண்ணிவிடலாகாது. அவர்களுடைய குழாய்கள் வளைந்து நெளிந்திருப்பதால் கருவி செல்வது கடினம். வேறு நோய்களும் இருக்கும். ஆகவே, நோய்க்கு முன் அவர் எப்படி நடமாடினார் என்பதையும் மருத்துவர் கேட்பார். ஆனால், வயது ஒன்றை மட்டுமே காரணம் காட்டிக் கைவிடுவது சரியன்று.

ஆறு மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்குவதே நலம். தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் பயனுண்டு என 2018-இல் தெரியவந்தது. அதற்காகக் காத்திருத்தல் கூடாது.

தோழியரே, பாட்டியின் அருகில் பெரும்பாலும் இருப்பவர் நாமே. முகம் கோணுகிறதா, கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்ப்போம். ஒன்று தென்பட்டாலும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து, உடனே 108-ஐ அழைப்போம். விழுங்க இயலாமல் புரையேறக்கூடுமாதலால் நீரோ மாத்திரையோ வாயில் கொடுக்க வேண்டாம். "எப்போது தொடங்கியது?" என்பதே மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி. அதற்குச் சரியான விடை நம்மிடம் இருக்கட்டும்.