மாதத்துக்குப் பன்னிரண்டு தேய்ப்பு

கொலம்பஸ், ஒஹாயோ
பிப்ரவரி 9

அன்புள்ள கார்த்திக்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னதை என்னால் சிரித்துக்கொண்டே கேட்க முடியவில்லை. ஜனவரி 30, ராத்திரி பதினோரு மணிக்கு, சீடர் ரேபிட்ஸில் பனி கொட்டும்போது காரை எடுத்துக்கொண்டு கேஸ் ஸ்டேஷனுக்குப் போய், இரண்டிரண்டு டாலராக மூன்று தரம் பெட்ரோல் போட்டிருக்கிறாய். எதற்கு? வட்டிக்காக வங்கி கேட்கும் மாதம் பன்னிரண்டு டெபிட் கார்டு தேய்ப்புக் கணக்கு முடியவேண்டும் என்று. அப்படியும் அந்த மாதம் தவறிவிட்டது. மாமாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. நீ ஏமாந்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை. எஃப்.டி.ஐ.சி. காப்பீடு உள்ள வங்கி, 2.5 லட்சம் டாலர் வரை அசலுக்குப் பயமில்லை. அண்ணா, அதான் உன் அப்பா, கேட்டால் இதையே சொல்லு, இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

ஆனால் பெரிய வங்கிகள் செக்கிங் கணக்குக்குக் காலணா வட்டி கொடுக்கும்போது, உன் ஊர்ச் சின்ன வங்கி மட்டும் 10,000 டாலர் வரை 5 சதவீதம் எங்கிருந்து கொடுக்கிறது என்று நீ யோசித்திருக்க வேண்டும். நீ டெபிட் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு உன் வங்கிக்குப் போகிறது. 2010-இல் வந்த சட்டத்தின்படி, 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகள் ஒரு தேய்ப்புக்கு ஏறத்தாழ 21 சென்ட்டும் தொகையில் 0.05 சதவீதமும்தான் வாங்கலாம். சின்ன வங்கிகளுக்கு அந்த வரம்பு இல்லை. அதனால்தான் உன்னைத் தேய்க்கச் சொல்கிறார்கள். அதில் தப்பே இல்லை, தங்களுக்கு வருவதில் உனக்கும் கொடுக்கிறார்கள். நிபந்தனை தவறியவர்களுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடிப்பதும் அதே கணக்கில்தான் சேரும். ஜனவரியில் உனக்கு வரவேண்டியது சுமார் 41 டாலர். நிபந்தனை தவறியதால் கிடைத்த 0.05 சதவீத வட்டியில் வந்தது 42 சென்ட். தேய்த்த நாளை அவர்கள் பார்ப்பதில்லை, வங்கியில் பதிவான நாளைத்தான் பார்ப்பார்கள். 30-ஆம் தேதி ராத்திரி நீ தேய்த்தது பிப்ரவரிக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். எங்கள் ஆன்லைன் சேவிங்ஸில் 3.5 சதவீதம் வருகிறது. 10,000 டாலருக்கு வருஷம் 350. உனக்கு 500. வித்தியாசம் 150, அதற்கும் வரி உண்டு. ஜனவரி தவறியதில் 41 போனால் மிச்சம் 109. அரிசி, பால், பெட்ரோல் என்று மாதம் 600 டாலரை 2 சதவீதம் திருப்பித் தரும் கிரெடிட் கார்டில் செலவழித்தால் வருஷத்துக்கு 144 டாலர் தானாக வரும். அதோடு உன் கிரெடிட் ஸ்கோரும் வளரும். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அடுத்த வீடு வாடகைக்குக் கேட்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். டெபிட் கார்டை ஆயிரம் தரம் தேய்த்தாலும் ஸ்கோரில் ஒரு புள்ளி ஏறாது.

டெபிட் கார்டு என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும். ஏன் என்று அண்ணா உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். அனு வயிற்றில் ஏழு மாதம். மாமா ஒரு வெள்ளிக்கிழமை டெபிட் கார்டைப் பம்பில் சொருகிப் பெட்ரோல் போட்டார். கார்டு பர்ஸிலேயேதான் இருந்தது. திங்கட்கிழமை பார்த்தால் கணக்கில் 1,900 டாலர் இல்லை, பம்பிலேயே கார்டு விவரத்தைத் திருடியிருக்கிறார்கள். வாடகைச் செக் பவுன்ஸ், இன்ஷூரன்ஸ் செக் பவுன்ஸ், ஒவ்வொன்றுக்கும் 35 டாலர் அபராதம். பத்து வேலை நாளுக்குள் விசாரணை முடியாவிட்டால் வங்கி பணத்தைத் தற்காலிகமாகத் திருப்பி வைக்கவேண்டும் என்பது சட்டம். அப்படியே வைத்தார்கள். ஆனால் அந்தப் பத்து நாளும் கையில் இருந்தது நாற்பது டாலர். அதைவிட, வங்கியில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "வீட்டில் விருந்தாளி யாராவது தங்கியிருக்கிறார்களா?" என்று கேட்டாள். தங்கியிருந்தது உன் அப்பா. என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் இந்த ஊருக்கு வரவே இல்லை, இதோ அனு காலேஜுக்குப் போய்விட்டாள்.

கிரெடிட் கார்டில் திருடன் எடுத்தால் அது வங்கியின் பணம். சட்டப்படி உன் தலையில் 50 டாலருக்கு மேல் விழாது. டெபிட்டில் எடுத்தால் உன் பணம். கார்டு தொலைந்தது தெரிந்தும் 2 வேலை நாளுக்குள் சொல்லாவிட்டால் பொறுப்பு 500 வரை ஏறும். ஸ்டேட்மென்ட் அனுப்பி 60 நாள் தாண்டியும் நீ கவனிக்காமல் இருந்தால், அதற்குப்பின் போவதற்கு வரம்பே இல்லை. உன் சேமிப்பு மொத்தமும் அந்த ஒரு கார்டுக்குப் பின்னால் இருக்கிறது, கார்த்திக். அதையும் நடுராத்திரி கேஸ் பம்பில் சொருகுகிறாய்.

மூடிவிடு என்று நான் சொல்லவில்லை, முடிவு உன்னுடையது. வைத்துக்கொள்வதானால் மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் பன்னிரண்டையும் முடித்துவிடு. ஒவ்வொரு தேய்ப்புக்கும் போனில் மெசேஜ் வருகிற மாதிரி செய்துகொள். பம்பில் மட்டும் வேண்டவே வேண்டாம். மூடுவதானால் இந்த மாத வட்டி ஏறியபிறகு மூடு, முன்னால் மூடினால் அது கிடைக்காமல் போகலாம். ஆறு மாதத்துக்குள் மூடினால் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும். நீ திறந்தது ஜூலையில், அது தாண்டிவிட்டது. மாமா வேறு சனிக்கிழமை சும்மாதான் இருக்கிறார், வீடியோவில் வந்தால் சேவிங்ஸ் கணக்கு திறக்க அரைமணி நேரம்கூட ஆகாது என்கிறார்.

நிறைய எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே கண்ணா. இருபத்துநாலு வயதில் இத்தனை கவனமாகக் காசு சேர்க்கிற பிள்ளை நம் குடும்பத்தில் யாரும் இருந்ததில்லை. உன் தாத்தா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். நாரத்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், புதன்கிழமை வந்துவிடும். மார்ச்சில் லீவு கிடைத்தால் வா. மாடி அறையில் ஹீட்டர் சரிசெய்தாயிற்று. அண்ணாவுக்கும் டிக்கெட் போடலாம் என்று மாமா சொல்கிறார், நீ கூப்பிட்டால் வருவான். பனியில் வண்டி ஓட்டாதே.

உன் அன்பு அத்தை