டம்மிக்குப் பதில் மரை பிளக் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. எலியட்ஸ் கடற்கரை பக்கம் வீடு. என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டு டம்மி அரித்துத் தண்ணீர் கசிந்தது. புதிதாகப் போட்டதும் அரித்துவிட்டது. “ஓட்டையில் டேப் அடித்து மரை வெட்டி, மரை பிளக் முறுக்கிவிடலாம், ஆயுசுக்கும் தொல்லை இல்லை” என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், பெசன்ட் நகர்

பதில்: தண்ணீர் டம்மிக்கு வேண்டாம். மெக்கானிக் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஓட்டை மரை தாங்குவதற்காக விடப்பட்டது அல்ல. பிளாக்கை வார்க்கும்போது, தண்ணீர் ஓடும் பாதைக்காக உள்ளே மணல் கரு வைப்பார்கள். அதைத் தாங்கிப் பிடிக்கவும், வார்த்து முடித்த பின் மணலை வெளியே எடுக்கவும் விட்ட வழிதான் இது. பிறகு மெல்லிய தகட்டை அடித்து மூடிவிடுவார்கள். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்தால் டம்மி தெறித்துப் பிளாக்கைக் காப்பாற்றும் என்பார்கள். எப்போதாவது அப்படி நடக்கலாம், ஆனால் அதற்காக வைத்தது அல்ல.

இந்த ஓட்டையின் விளிம்பு பெரும்பாலான பழைய பிளாக்குகளில் சில மில்லிமீட்டர் கனம்தான். ஓர் அங்குல பைப் மரைக்கோ, கையால் முறுக்கி நிறுத்தவே சுமார் 10 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். தவிர, அந்த மரை கூம்பு வடிவம்: 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் மாறும். ஸ்பேனர் போட்டு இறுக்க இறுக்க, விறகில் இறங்கும் ஆப்பு மாதிரி விளிம்பை வெளிப்பக்கம் தள்ளும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். டம்மி போனால் புது டம்மி கிடைக்கும். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு தயாரித்து அரை நூற்றாண்டு ஆகிறது. அதன் 948 சிசி பிளாக்குக்குப் புதுப்பேட்டையில் எத்தனை கடை ஏறி இறங்குவீர்கள்?

மரை பொருந்தும் இடமும் அதே பிளாக்கில் உண்டு: ஆயில் பாதைகளின் முனை. அங்கே ஓட்டை சிறியது, சுற்றிலும் கனமான இரும்பு, அழுத்தமும் தண்ணீர்ப் பக்கத்தைவிடப் பல மடங்கு. அடித்துச் செருகிய பிளக்கை எடுத்துவிட்டு, டேப் அடித்து ஆலன் பிளக் போடுவது என்ஜின் கட்டுபவர்களின் பழைய வழக்கம். என்ஜினை முழுதாகப் பிரித்திருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். டேப் வெட்டிய துகள் ஒன்று உள்ளே தங்கினாலும் பேரிங் போய்விடும்.

இனி உங்கள் கசிவுக்கு வருவோம். கழற்றிய டம்மியைத் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் அரித்திருந்தால் கடற்காற்றின் உப்பு. உட்பக்கம் குழி குழியாக இருந்தால் ரேடியேட்டரில் ஊற்றிய போர் தண்ணீர். என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு டம்மியை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அரிக்கத்தான் செய்யும். மரை பிளக் போட்டாலும் அந்தத் தண்ணீர் பிளாக்கின் சுவரைத் தின்பதை நிறுத்தாது.

பித்தளை டம்மி வாங்குங்கள், துருப்பிடிக்காது. பழையதன் ஒரு ஓரத்தைத் தட்டினால் அது திரும்பி நிற்கும், குறடால் இழுத்துவிடலாம். உள்ளே விழுந்துவிடக் கூடாது. உட்காரும் இடத்தை எமரி தாளால் பளபளக்கத் தேய்த்து, சீலரை மெல்லிசாகத் தடவ வேண்டும். கிண்ண வடிவ டம்மி என்றால், அதன் உள்விட்டத்துக்குப் பொருந்தும் கட்டையை வைத்து நேராக இறக்கவும். குவிந்த தட்டு வடிவம் என்றால், குவிந்த பக்கம் வெளியே இருக்க நடுவில் ஒரே அடி. தட்டு விரிந்து இறுகிக்கொள்ளும். இரண்டு முறைகளையும் மாற்றிச் செய்தால் அன்றைக்கே கசியும்.

பிறகு பிளாக்கைச் செம்மண் நிறம் போகும்வரை அலசி, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் நிரப்புங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். மெக்கானிக்கிடம் இதைக் காட்டிப் பேசுங்கள். தண்ணீர்ப் பக்கம் மட்டும் டேப் வைக்க விடாதீர்கள்.